போனில் சொல்வதைத் தளத்தில் சொல்லுங்கள்

கும்பகோணத்தில் சிறு டிராவல்ஸ் உரிமையாளர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



சிறிய டிராவல்ஸுக்குச் சொந்தமாக ஓர் இணையதளம் அமைப்பது எப்படி என்பது எனக்குத் தந்த தலைப்பு. பெரிய கம்பெனிகளின் கதை இன்றைக்கு வேண்டாம். இந்தக் கும்பகோணத்தில் இரண்டு இன்னோவாவும் ஒரு டெம்போ டிராவலரும் வைத்து நவக்கிரக சுற்றுலா ஓட்டுகிறாரே, அவருக்கு ஒரு தளம் வேண்டும். அது எப்படி இருக்க வேண்டும்? அதில் என்ன இருக்க வேண்டும்? அதைவிட முக்கியமாக, என்ன இருக்கக் கூடாது? இவ்வளவுதான் என் பேச்சு.

தளம் செய்து தருவதுதான் என் பிழைப்பு. என்னிடம் வருகிறவர்கள் முதல் வார்த்தையிலேயே என்ன கேட்கிறார்கள் தெரியுமா? "சார், ஓப்பன் பண்ணினா கோபுரம் அப்படியே பெருசா வரணும். வண்டி இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஓடணும். பின்னாடி லேசா நாதஸ்வரம் கேட்கணும்." கோபுரம் வரட்டும், வண்டியும் ஓடட்டும். ஆனால் உங்கள் தளத்தைத் திறக்கிறவர் எதற்காகத் திறக்கிறார்? கோபுரத்தைப் பார்க்கவா? கோபுரத்தை அவர் நேரிலேயே பார்க்கத்தான் வருகிறார். உங்களிடம் அவருக்கு வேண்டியது வேறு.

அது என்ன என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். தினமும் போனில் கேட்கிறார்களே! "ஒன்பது கோயிலையும் ஒரே நாளில் பார்த்துவிட முடியுமா?" "காலையில் எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" "எவ்வளவு ஆகும்?" "டிரைவர் பேட்டா சேர்த்தா, தனியா?" "அம்மாவுக்கு முட்டி வலி, வண்டியில் ஏற முடியுமா?" ஒரு மாதத்துக்கு ஒரு நாற்பது பக்க நோட்டுப் போட்டு, போனில் வந்த கேள்விகளை வந்தபடியே எழுதி வையுங்கள். அந்த நோட்டுதான் உங்கள் தளம். அதைக் கொண்டுவந்து கொடுத்தால் மீதி வேலையை என்னைப் போன்றவன் பார்த்துக்கொள்வான். அந்த நோட்டு இல்லாமல் எத்தனை ஆயிரம் செலவழித்தாலும் உங்களுக்குக் கிடைப்பது ஒரு காலண்டர்.

இது நான் கண்டுபிடித்த புது விஷயம் இல்லை. இங்கிலாந்தில் தாமஸ் குக் என்று ஒருவர் இருந்தார், சுற்றுலாத் தொழிலின் மூத்தவர். 1841 ஜூலை 5 அன்று லெஸ்டர் ஊரிலிருந்து லஃப்பரோவுக்கு ரயிலில் ஆட்களை அழைத்துப் போனார். தலைக்கு ஒரு ஷில்லிங். 1845-இல் லிவர்பூலுக்குக் கூட்டிப் போனபோது, வருகிறவர்களுக்காக அவரே ஒரு கையேடு எழுதி அச்சிட்டார். போகும் வழியில் என்ன இருக்கிறது, போய்ச் சேர்ந்த இடத்தில் எதைப் பார்ப்பது என்று, நேரில் வந்து கேட்டால் சொல்வதையெல்லாம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டார்.

இன்னொரு செய்தி. டிம் பெர்னர்ஸ்-லீ 1991-இல் ஜெனீவா அருகே செர்ன் ஆய்வு மையத்திலிருந்து உலகத்தின் முதல் இணையதளத்தை வெளியிட்டார். அதில் ஒரு படம்கூடக் கிடையாது. வெறும் எழுத்தும் இணைப்புகளும்தான். படம் பிறகு வந்து சேர்ந்தது. இணையதளம் பிறந்ததே சொல்லுவதற்காக. நாம்தான் அதைக் கல்யாண மேடை ஆக்கிவிட்டோம்.

சரி, நோட்டைத் திறப்போம். முதல் கேள்வி, ஒன்பது கோயிலும் ஒரே நாளில் முடியுமா? வெளியூர்க்காரருக்கு இது எவ்வளவு பெரிய குழப்பம் என்று யோசித்துப் பாருங்கள். திங்களூர் மேற்கே திருவையாற்றுப் பக்கம். ஆலங்குடி தெற்கே. சூரியனார்கோயிலும் கஞ்சனூரும் ஒன்றுக்கொன்று பக்கம். வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம் மூன்றும் கிழக்கே கடலோரம் நோக்கி. திருநள்ளாறு காரைக்காலில். திருநாகேஸ்வரம் இதோ நமக்குப் பக்கத்திலேயே. நடுப்பகலில் பெரும்பாலான கோயில்களில் நடை சாத்தினால் மறுபடி திறக்க மாலை நான்கு மணி. இந்தக் கணக்கு உங்கள் ஓட்டுநருக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். காலை எத்தனை மணிக்குக் கிளம்பினால் நடை சாத்துவதற்குள் எத்தனை கோயில் பார்க்கலாம், மதியச் சாப்பாட்டுக்கு எங்கே நிறுத்தினால் நான்கு மணிக்கு அடுத்த வாசலில் நிற்கலாம், ராகு காலத்தில் திருநாகேஸ்வரம் பாலபிஷேகம் வேண்டும் என்பவருக்கு வரிசையை எப்படி மாற்றுவது என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கிறது. பத்து வருஷ அனுபவம். அதை எந்தத் தளத்திலாவது எழுதி வைத்திருக்கிறோமா? இல்லை. என்ன எழுதியிருக்கிறோம்? "உங்கள் பயணம் எங்கள் பெருமை." இதைப் படித்து யாராவது அட்வான்ஸ் அனுப்புவார்களா?

எழுதுங்கள். ஒவ்வொரு கோயிலுக்கும் நேரம் போட்டு, எவ்வளவு நேரம் நிற்போம் என்று போட்டு, ஒரே நாளில் ஒன்பதும் பார்த்தால் எங்கே அவசரப்பட வேண்டியிருக்கும் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். "வயதானவர்கள் இருந்தால் இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்வது நல்லது" என்று ஒரு வரி சேருங்கள். அந்த ஒரு வரிக்காகவே உங்களை நம்பிக் கூப்பிடுகிறவர்கள் உண்டு.

சனிப்பெயர்ச்சிக் குழப்பம் உங்களுக்கு நினைவிருக்கும். 2025 மார்ச் 29 அன்று சனிப்பெயர்ச்சி என்று ஊரெல்லாம் பேச்சு. அது திருக்கணிதக் கணக்கு. திருநள்ளாறு கோயிலில் வாக்கியப் பஞ்சாங்கம். அங்கே பெயர்ச்சி 2026 மார்ச்சில்தான் என்று கோயில் தரப்பிலேயே அறிவித்தார்கள். அந்த மாதம் முழுக்க உங்கள் போன் ஓயாமல் அடித்திருக்குமே? எத்தனை பேருக்கு எத்தனை தரம் இதே விளக்கத்தைச் சொன்னீர்கள்? நான்கு வரி. அந்த நான்கு வரியைத் தளத்தில் போட்டிருந்தால், தேடுகிற ஒவ்வொருவருக்கும் உங்கள் பெயரோடு அந்தப் பதில் கண்ணில் பட வழி இருந்திருக்கும். விவரம் தெரிந்த ஆள் என்று உங்களைப் பற்றி ஒரு எண்ணம் வந்திருக்கும். பெயர்ச்சிக்கு யாரைக் கூப்பிட்டிருப்பார்கள்?

அடுத்த கேள்விக்கு வருகிறேன். இங்கேதான் அரங்கத்தில் கொஞ்சம் முனகல் கேட்கும் என்று எதிர்பார்க்கிறேன். கட்டணம்!

பெரும்பாலான டிராவல்ஸ் தளங்களில் கட்டணத்தைத் தேடிப் பாருங்கள், கிடைக்காது. "விவரங்களுக்கு அழைக்கவும்." ஏன் என்று கேட்டால் பதில் தயாராக இருக்கிறது: "போட்டிக்காரன் பார்த்துடுவான் சார்." ஐயா, போட்டிக்காரருக்கு உங்கள் ரேட் ஏற்கெனவே தெரியும். அவர் மச்சானை விட்டுப் போன் போட்டுக் கேட்டுவிட்டார். தெரியாமல் இருப்பது வாடிக்கையாளருக்கு மட்டும்தான்.

ஓர் உதாரணக் கணக்கு போடுகிறேன். ரேட் என்னுடைய கற்பனை, உங்கள் ரேட்டை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். கிலோமீட்டருக்கு 14 ரூபாய் என்று வாடிக்கையாளரிடம் சொல்கிறீர்கள். வண்டி 220 கிலோமீட்டர் ஓடியது. அவர் மனசுக்குள் 3,080 ரூபாய் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். நீங்கள் பில் கொடுக்கிறீர்கள். ஒரு நாளுக்குக் குறைந்தபட்சம் 250 கிலோமீட்டர், ஆகவே 3,500. டிரைவர் பேட்டா 500. ஆயிற்று 4,000. அதற்கு மேல் பார்க்கிங், டோல். அதோடு கிலோமீட்டர் கணக்கு அவர் ஏறின இடத்திலிருந்து இல்லை, ஷெட்டிலிருந்து ஷெட் வரை. இதில் எதுவும் தப்பு கிடையாது, தொழிலின் நியாயமான வழக்கம்தான். ஆனால் அவருக்கு எப்போது தெரிகிறது? ஒன்பது கோயிலும் சுற்றி, கையில் விபூதியோடு, ராத்திரி எட்டு மணிக்கு லாட்ஜ் வாசலில் தெரிகிறது. அங்கே சண்டை. பாவம், அந்தச் சண்டையில் மாட்டுகிறவர் ஓட்டுநர்.

இன்னொன்று, நம் ஊருக்கே உரியது. திருநள்ளாறு புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்தது. மயிலாடுதுறை தாண்டிப் போகிறவருக்கு அது தமிழ்நாடு இல்லை என்றே தெரியாது. தமிழ்நாட்டு பெர்மிட் மட்டும் உள்ள மஞ்சள் போர்டு வண்டி என்றால் அங்கே போகத் தனி பெர்மிட் வேண்டும். அந்தச் செலவு யாருடையது? சொன்ன கட்டணத்துக்குள் அடங்குமா, தனியா? பெங்களூரிலிருந்து வருகிற குடும்பத்துக்கு இது எப்படித் தெரியும்? தளத்தில் ஒரு வரி இருந்தால் தெரியும்.

ஆகவே தயவுசெய்து ஒரு கட்டணப் பக்கம் வையுங்கள். அந்தப் பக்கத்தில் வண்டி, அதில் உண்மையாகவே உட்காரக்கூடிய ஆட்கள், கிலோமீட்டர் ரேட், குறைந்தபட்சக் கிலோமீட்டர், பேட்டா, இரவு பேட்டா எத்தனை மணிக்கு மேல், டோலும் பார்க்கிங்கும் யார் பொறுப்பு, கேன்சல் செய்தால் அட்வான்ஸ் என்ன ஆகும், எல்லாம் இருக்கட்டும். கீழே நான் போட்ட மாதிரி ஒரு நாள் பயணத்தின் முழுக் கணக்கு ஒன்று. டீசல் விலை ஏறினால் ரேட்டை மாற்றி, மாற்றிய தேதியையும் போடுங்கள். சொந்தமாக, தனியாகத் தளம் செய்வதன் பலனே இதில்தான் இருக்கிறது. ரெடிமேட் டெம்ப்ளேட்டில் ஷெட்டுக்கும் பேட்டாவுக்கும் இடம் இருக்காது. அது எங்கோ வேறு ஊர் வியாபாரத்துக்குத் தைத்த சட்டை.

அம்மாவின் முட்டி வலிக்கு வருவோம். ஓசூரில் ஒரு பெண். ராத்திரி பிள்ளைகள் தூங்கின பிறகு, பெற்றோரை நவக்கிரக சுற்றுலா அனுப்ப போனில் தேடிக்கொண்டிருக்கிறாள். அவளுக்குக் கோபுரம் வேண்டாம். டெம்போ டிராவலரின் படி எவ்வளவு உயரம் என்று தெரிய வேண்டும். உங்களில் பலர் வண்டியில் ஒரு சின்ன மர முக்காலி வைத்திருக்கிறீர்கள். பெரியவர்கள் ஏறும்போது ஓட்டுநர் இறங்கி வந்து அதைப் படிக்குக் கீழே போட்டுக் கைத்தாங்கலாக ஏற்றிவிடுவார். அந்த முக்காலியைப் படம் எடுத்துத் தளத்தில் போட்டிருக்கிறீர்களா? நான் சொல்கிறேன், உங்கள் எல்.இ.டி விளக்கு வைத்த வண்டியின் படத்தைவிட அந்த முக்காலியின் படம் அதிகம் சம்பாதித்துக் கொடுக்கும்! எந்தக் கோயிலில் வண்டி வாசல் வரை போகும், எங்கே நடக்க வேண்டும், சக்கர நாற்காலி எங்கே கிடைக்கும், சுத்தமான கழிப்பறை எந்த ஊரில், சர்க்கரை நோயாளிக்கு நேரத்துக்குச் சாப்பாடு எங்கே, இதெல்லாம் எழுதி வையுங்கள். நம் அரசுப் போக்குவரத்துக் கழகமே 2024-இல் கும்பகோணத்திலிருந்து நவக்கிரகக் கோயில்களுக்குச் சிறப்புப் பேருந்து விட்டது. நல்ல ஏற்பாடு. விலையில் அதோடு நீங்கள் போட்டி போட முடியாது. முக்காலியில் போட்டி போடலாம்.

படம் என்றதும் ஒரு வார்த்தை. உங்கள் வண்டியை எடுங்கள், உங்கள் ஷெட் வாசலில் வைத்து, காலை வெயிலில், இருக்கைகள் தெரிய. கம்பெனி விளம்பரத்தில் வந்த புது வண்டியைப் போட்டுவிட்டு, காலையில் போய் நிற்பது பழைய டவேரா என்றால் அந்த வாடிக்கையாளர் அன்றே போய்விட்டார். கூகுளில் தேடி எடுத்த கோயில் படமும் வேண்டாம். அது யாரோ ஒருவர் எடுத்த படம், அவருக்கு அதில் உரிமை இருக்கிறது. தாராசுரம் கோயில் பக்கத்திலேயே இருக்கிறது. வெளியிலிருந்து நீங்களே எடுக்கலாம்.

எடுத்த படத்தை அப்படியே ஏற்றிவிடாதீர்கள். இன்றைய போனில் எடுத்த ஒரு படம் நான்கைந்து எம்.பி இருக்கும். முதல் பக்கத்தில் ஆறு படம் மாறி மாறி ஓடுகிற ஸ்லைடர் வைத்தால் இருபத்தைந்து எம்.பி ஆகிவிடும். பூம்புகார் சாலையில் ஒரு புள்ளி சிக்னலில் நிற்கிறவர் போனில் அது திறக்குமா? வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அவர் அடுத்த டிராவல்ஸுக்குப் போய்விடுவார். ஒரு படத்தை இருநூறு கே.பி-க்குள் சுருக்கினால் போதும், போன் திரையில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. உங்கள் தளம் போனில்தான் பார்க்கப்படும். செய்து தருகிறவர் லேப்டாப்பில் காட்டி "எப்படி இருக்கு சார்?" என்று கேட்டால், உங்கள் பழைய போனை எடுத்து அதில் திறந்து பாருங்கள். வெயிலில் நின்று பாருங்கள். வெளிர் சாம்பல் எழுத்து வெயிலில் தெரியாது. போன் செய்யும் பொத்தானும் வாட்ஸ்அப் பொத்தானும் கட்டைவிரலுக்கு எட்டும் இடத்தில், எந்தப் பக்கத்துக்குப் போனாலும் கூடவே வர வேண்டும். எண்ணைத் தொட்டாலே அழைப்பு போக வேண்டும். எண்ணைப் படமாகப் போட்டுவிட்டால் தொட்டு என்ன பயன்?

எழுத்தைப் படமாகப் போடும் பழக்கம் நம்மிடம் ரொம்ப இருக்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்ப ரேட் கார்டு ஒன்றை டிடிபி கடையில் செய்து வைத்திருப்பீர்கள். அதையே தளத்திலும் ஒட்டிவிடுகிறார்கள். ரேட் மாறினால் மறுபடி டிடிபி கடைக்குத்தான் ஓட வேண்டும். சரி, படம் வேண்டாம் என்று அந்தக் கடையிலிருந்து எழுத்தை வாங்கி ஒட்டினால் இன்னொரு கூத்து. அங்கே பல கடைகளில் இன்னும் பாமினி எழுத்துரு. அச்சுக்கு அழகாக இருக்கும். தளத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகக் கொட்டும். கூகுளுக்கும் அது தமிழாகத் தெரியாது. யூனிகோடில் இருந்தால்தான் "திருநள்ளாறு" என்று ஒருவர் தேடும்போது உங்கள் பக்கம் அகப்படும். 'நவகிரகம்' என்றும் தேடுகிறார்கள், 'நவக்கிரகம்' என்றும் தேடுகிறார்கள். இரண்டும் உங்கள் பக்கத்தில் எங்காவது இருக்கட்டும், இலக்கணச் சண்டையைப் புலவர்களிடம் விட்டுவிடுவோம். ஆங்கிலத்தில் ஒரு பக்கம் கட்டாயம். ஆந்திராவிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வருகிறவர்களுக்குத் தெலுங்கிலும் கன்னடத்திலும் ஒவ்வொரு பக்கம் இருந்தால் இன்னும் நல்லது. அதை இயந்திர மொழிபெயர்ப்பில் விடாமல், அந்த மொழி தெரிந்த ஒருவரிடம் காட்டி வாங்குங்கள்.

ஆன்லைன் புக்கிங் வேண்டாமா என்று பின்வரிசையில் ஒரு தம்பி கேட்கிறார். மூன்று வண்டிக்கு எதற்குத் தம்பி? எந்த வண்டி என்றைக்குக் காலி என்பதைத் தளம் தானாகச் சொல்ல வேண்டும் என்றால், போனில் வரும் ஒவ்வொரு சவாரியையும் நீங்கள் உடனுக்குடன் அதில் பதிய வேண்டும். முகூர்த்த நாளில், ஒரு கையில் ஸ்டியரிங்கும் ஒரு கையில் போனுமாக இருக்கிறவர் பதிவாரா? பதியாவிட்டால் ஒரே வண்டிக்கு இரண்டு பேர் பணம் கட்டியிருப்பார்கள். ஒரு சின்னப் படிவம் போதும். தேதி, எத்தனை பேர், எங்கே ஏற்ற வேண்டும், போன் எண். அனுப்பினால் நேராக உங்கள் வாட்ஸ்அப்புக்கு வரட்டும். நீங்கள் பேசி உறுதி செய்து அட்வான்ஸை யு.பி.ஐ-யில் வாங்கிக்கொள்ளுங்கள். படிவத்தில் ஆதாரும் மின்னஞ்சலும் கேட்க வேண்டாம். வாங்கின போன் எண்களைப் பட்டியலாக்கி வேறு யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம். தனிமனிதத் தரவுப் பாதுகாப்புக்கு 2023-இல் சட்டமே வந்துவிட்டது.

கடைசியாக, ரொம்ப வலிக்கிற ஒரு விஷயம். தளத்தின் பெயர், அந்த டொமைன், யார் பெயரில் இருக்கிறது? இந்த அரங்கத்தில் எத்தனை பேருக்கு நிச்சயமாகத் தெரியும்? அக்கா மகன் காலேஜில் படிக்கும்போது செய்து கொடுத்தான். டொமைன் அவன் மின்னஞ்சலில், ஓ.டி.பி அவன் பழைய போன் எண்ணுக்கு. இப்போது அவன் துபாயில். ஒரு வருஷம் கழித்துப் புதுப்பிக்கச் சொல்லி வந்த அறிவிப்பை யார் பார்த்தது? யாரும் பார்க்கவில்லை. பெயர் காலாவதி ஆனது, வேறு யாரோ எடுத்துக்கொண்டார். விசிட்டிங் கார்டில், வண்டியின் பின் கண்ணாடியில், கோயில் திருவிழா நோட்டீஸில் எல்லாம் அச்சடித்த முகவரி இப்போது எங்கேயோ சூதாட்ட விளம்பரத்துக்குப் போகிறது. வண்டியின் ஆர்.சி புத்தகத்தை அடுத்தவர் பெயரில் வைப்பீர்களா? டொமைனும் ஹோஸ்டிங்கும் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் போன் எண்ணில் இருக்கட்டும். எஃப்.சி தேதியை எழுதி வைத்திருக்கும் அதே காலண்டரில் புதுப்பிக்கும் தேதியையும் எழுதுங்கள். செய்து தருகிறவர், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், பாஸ்வேர்டு கொடுக்க மாட்டேன் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

இதையெல்லாம் இப்போதே ஏன் தொடங்க வேண்டும்? 2028-இல் மகாமகம். 2016-இல் ஊர் எப்படி நிரம்பியது என்று பார்த்தவர்கள் நீங்கள். அந்த நேரத்தில் தளம் செய்ய ஆள் தேடினால் கிடைக்க மாட்டார்கள். புதுத் தளத்தைக் கூகுள் கண்டுகொள்ளவும் நாளாகும். மகாமகத்துக்கென்று ஒரு பக்கம் இப்போதே திறந்துவிடலாம். வண்டி எந்த எல்லை வரை வரும், எங்கிருந்து நடக்க வேண்டும் என்பதெல்லாம் அரசு அறிவிக்க அறிவிக்க அதில் சேர்த்துக்கொண்டே போகலாம்.

சாப்பாட்டுக்கு முன்னால் இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. வாசலில் உங்களுக்கு ஒரு தாளும் பேனாவும் கொடுத்தார்கள் அல்லவா? நேற்று போனில் வந்த கேள்விகளை அதில் எழுதுங்கள். ஓட்டுநர் தோழர்களும் எழுத வேண்டும், உங்களிடம்தான் உண்மையான கேள்விகள் இருக்கின்றன. எழுதி முடித்தவர்கள் மேடைக்குப் பக்கத்தில் வாருங்கள், கட்டணப் பக்கத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.